டெட்லிஃப்ட்ல கை கழண்டுக்குதா? ஸ்ட்ராப், மிக்ஸ்டு, ஹூக், கிரிப்பர், இல்ல சும்மா பிடிச்சுட்டு நிக்கறதா

போன சித்திரை வெயில்ல, மொட்டை மாடியில ஷீட் போட்ட ஜிம்ல, 140 கிலோ டெட்லிஃப்ட், அதாவது தரைல கிடக்கற எடை மாட்டுன கம்பிய (பார்) நிமிர்ந்து நிக்கற வரைக்கும் தூக்கறது. பார் முழங்கால தாண்டிடுச்சு, முதுகுல இன்னும் சரக்கு இருக்கு, நாலு விரக்கடை ஏறுனா முடிஞ்சுது. அப்பதான் வலது கைல மோதிர விரல் மொதல்ல கழண்டுச்சு, பின்னாடியே சுண்டு விரல், அப்புறம் டமார். கீழ டெய்லர் கடை வச்சிருக்கற அண்ணன் கத்திரியும் கையுமா மேல ஏறி வந்து "என்ன தம்பி, கட்டடத்த இடிக்கறீங்களா"ன்னு கேட்டுட்டு போனாரு. அதே மாதிரி மூணு வாரம் நடந்துச்சு, அதே எடை, அதே இடம், அதே விரல்.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. மாஸ்டர் ஸ்ட்ராப் போடச் சொன்னாரு, கூட பயிற்சி பண்றவன் ஒரு கைய திருப்பிப் பிடின்னான், வீடியோல பாத்தா எல்லாரும் ஹூக் ஹூக்ங்கறாங்க, மச்சான் பொறந்தநாளுக்கு கிரிப்பர் வாங்கிக் குடுத்தான். எல்லாத்தையும் ஒரு வருஷமா மாத்தி மாத்தி பண்ணிப் பாத்துட்டேன். மொதல்லயே சொல்லிடறேன், நான் ஒரு பக்கம் சாய்ஞ்சுதான் எழுதறேன்: ரெண்டு உள்ளங்கையும் நம்மள பாத்த மாதிரி, அதாவது டபுள் ஓவர்ஹேண்ட்ல, கனமான பார பிடிச்சுட்டு சும்மா நிக்கற ஹோல்டுக்குத்தான் என் ஓட்டு.

அதுக்கு முன்னாடி சாக் விஷயம் ஒண்ணு முடிச்சுடலாம். வேர்வை ஊர்ல சாக் இல்லாம எந்த கிரிப்பப் பத்தியும் பேசறதே வேஸ்ட். சாக்னா மெக்னீசியம் கார்பனேட், கரும்பலகைல எழுதற சாக்பீஸ் இல்ல. எங்க ஜிம்ல ஒரு பையன் நிஜமாவே சாக்பீஸ இடிச்சுப் பொடி பண்ணி டப்பால கொண்டு வந்தான். இன்னொருத்தர் முகத்துக்குப் போடற பவுடர கைல கொட்டிக்கிட்டாரு, அது வழுக்கறதுக்கே போடற சாமான், போட்டில ஆளுங்க பார் தொடைல ஒரசாம ஏறணும்னு தொடைல பூசறது. ஜிம்ல தூசி ஆகுதுன்னு சாக் வேணாம்னு சொன்னா லிக்விட் சாக் இருக்கு, கைல தேச்சா ஸ்பிரிட் ஆவியாகி பவுடர் மட்டும் நிக்கும், சண்டை மிச்சம்.

சரி, கை ஏன் கழண்டுக்குது? எனக்கு இது புரியவே ஆறு மாசம் ஆச்சு, புரிஞ்சப்புறம் மத்த எல்லா ஒப்பீடும் ரெண்டு நிமிஷ வேலை ஆயிடுச்சு. சந்தைல காய் வாங்கி கட்டைப்பைல தூக்கிட்டு வர்றீங்க. கிளம்பும்போது காது உள்ளங்கைல இருக்கும், தெருமுனை வர்றதுக்குள்ள விரல் மொதல் கணுவுக்கு இறங்கிடும், வீட்டு வாசல்ல விரல் நுனில தொங்கும். பாரும் அதேதான், ஆனா பார் உருண்டைங்கறதால இறங்கறதோட நிக்காம உருளும். ரெண்டு கையும் ஒரே திசைல பிடிச்சிருக்கறதால உருள்றதுக்கு ஒரே ஒரு வழிதான், விரல் நுனி பக்கம். அப்போ கை செய்ய வேண்டிய வேலை பார நசுக்கறது இல்ல, திறக்க மாட்டேன்னு அடம் பிடிக்கறது. ரெண்டும் வேற வேற. அதனால எந்த முறைய எடுத்தாலும் நான் கேக்கற ஒரே கேள்வி, இந்த உருளல் கிட்ட இது என்ன பண்ணுது?

ஸ்ட்ராப் உருளலயே ஒழிச்சுடுது. துணி பார சுத்திக்கிச்சு, மணிக்கட்டுல மாட்டிக்கிச்சு, விரலுக்கு பாதி சம்பளம் கூட குடுக்க வேணாம். தப்புன்னு சொல்ல மாட்டேன். 2016ல எட்டி ஹால் 500 கிலோ தூக்குனதும் சரி, 2020ல பியோர்ன்சன் 501 தூக்குனதும் சரி, ரெண்டும் ஸ்ட்ராப் போட்டுத்தான். அது ஸ்ட்ராங்மேன், பலசாலி யாருன்னு பாக்கற போட்டி, அங்க அனுமதி உண்டு, பவர்லிஃப்டிங் (ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூணையும் தூக்கற போட்டி) மேடைல கிடையாது. நான் ரோமானியன் டெட்லிஃப்ட் (முழங்கால லேசா மட்டும் மடக்கி இடுப்புல குனிஞ்சு நிமிர்றது) எட்டு எட்டு ரெப்பா, அதாவது எட்டு எட்டு தடவையா போடற நாள்ல இன்னிக்கும் ஸ்ட்ராப்தான், ஏன்னா அன்னிக்கு வேலை தொடைக்கு. ஆனா ஸ்ட்ராப் போட்டு தூக்கி தூக்கி 140ல இருந்து 160 போயிட்டேன், வெறும் கைல அதே 120தான் நின்னுச்சு. முதுகு காலேஜ் போயிடுச்சு, கை இன்னும் ஒண்ணாங்கிளாஸ்ல.

மிக்ஸ்டு கிரிப்ல ஒரு கை இப்படி, ஒரு கை அப்படி. பார் ஒரு கைல வெளிய உருள்ற திசை இன்னொரு கைக்கு உள்ள வர்ற திசை, ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கட்டி பார் எங்கயும் போகாது. அன்னிக்கே பண்ணலாம், கத்துக்க எதுவுமே இல்ல, மொத நாளே எனக்கு 140 ஏறிடுச்சு, பழைய பவர்லிஃப்டருங்க பாதிப் பேரு வாழ்நாள் பூரா இதுலதான் தூக்கியிருக்காங்க. பயம் என்னன்னா திருப்பிப் பிடிச்ச கையோட பைசெப்ஸ். முழங்கைய லேசா மடக்கி இழுத்தா அந்த தசைநார் முழங்கை கிட்ட பிஞ்சுக்கற ஆபத்து இருக்கு, டெட்லிஃப்ட்ல பைசெப்ஸ் கிழிஞ்ச வீடியோ எதுவானாலும் பாருங்க, பெரும்பாலும் திருப்பிப் பிடிச்ச கைதான். கைய கயிறு மாதிரி நேரா வச்சா ஆபத்து கம்மி, ஆனா மேக்ஸ் எடைல பல்லக் கடிச்சுட்டு இழுக்கும்போது யாருக்கு அது ஞாபகம் இருக்கும். எனக்கு கிழியல, ஆனா ரெண்டு மாசத்துல பார் ஒரு பக்கமா திரும்பி இடது தொடைல மட்டும் சிராய்ப்பு விழ ஆரம்பிச்சுது, விட்டுட்டேன்.

ஹூக் கிரிப்ப நான் மதிக்கறேன். கட்டை விரல பார மேல படுக்க வச்சு அதுக்கு மேல ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் போட்டு பூட்டறது. பார் உருளணும்னா கட்டை விரலையும் இழுத்துட்டுத்தான் போகணும், அது விடாது. ஒலிம்பிக் பளுதூக்குறவங்க எல்லாம் இதுலதான் இழுக்கறாங்க, 2014லயும் 2018லயும் காமன்வெல்த்ல தங்கம் வாங்குன நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் மாதிரி ஆளுங்களுக்கு இதுதான் அன்றாடப் பிடி. ரெண்டு கையும் ஒரே மாதிரி, பைசெப்ஸ் பயம் இல்ல. பேப்பர்ல பாத்தா இதுதான் ஜெயிக்கணும்.

ஆனா வலி. அய்யோ அந்த வலி. மொத ரெண்டு வாரம் கட்டை விரல் நகத்துக்கு பக்கவாட்டுல ரத்தம் கட்டுன மாதிரி இருக்கும், சோறு பிசைய முடியாது, பைக்ல கிளட்ச் பிடிக்கும்போது கட்டை விரல் ஹேண்டில் பார்ல பட்டா கண்ணு கலங்கும். டேப் சுத்துனேன், நகத்த ஒட்ட வெட்டுனேன், மூணாவது வாரத்துல இருந்து மரத்துப் போச்சு, அது பழகிடுச்சா நரம்பு செத்துடுச்சான்னு தெரியல. ஒத்த ரெப் மேக்ஸுக்கு இன்னிக்கும் ஹூக்தான் போடறேன், அஞ்சு ரெப்புக்கு மேல எனக்கு தாங்கல. என் கை ரொம்ப பெருசும் இல்ல சின்னதும் இல்ல, கட்டை விரல் குட்டையா இருக்கறவங்களுக்கு இது எப்படி உக்காரும்னு என்கிட்ட அனுபவம் இல்ல. 200க்கு மேல எப்படி இருக்கும்னும் கேக்காதீங்க, நான் 175 ஆளு.

இப்ப கிரிப்பர். ஸ்பிரிங் வச்ச ரெண்டு கைப்பிடி, டிவி பாத்துட்டே அமுக்கலாம். கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் கிரிப்பர்ல நம்பர் 1ன்னா 140 பவுண்டு, நம்பர் 2ன்னா 195, நம்பர் 3ன்னா 280. நாலு மாசத்துல நம்பர் 1 நல்லா மூட ஆரம்பிச்சேன், கை குலுக்கறப்ப ஆளுங்க முகம் சுளிக்கற அளவுக்கு ஆச்சு, டெட்லிஃப்ட்ல ஒரு அஞ்சு கிலோ கூட ஏறல. ஏன்னு இப்ப தெரியுது, ஸ்பிரிங் உருளாது. அது மூடற பலம், நமக்கு வேணும்கறது திறக்காம இருக்கற பலம். தினமும் அமுக்குனதுல முழங்கைக்கு உள்பக்கம் எலும்பு கிட்ட ஒரு வலி வேற வந்து ஒட்டிக்கிச்சு. பாரையே நசுக்கி பிடிக்கறவங்களுக்கு உதவலாம், எனக்கு இல்ல.

புல்லப் பார்ல தொங்கறதும் அதே கதைதான், அந்தக் கம்பி சுவத்துல இறுகி நிக்குது, சுத்தாது. தோளுக்கு நல்லது, தொங்குங்க, ஆனா 60 செகண்டு தொங்கறவன் 140 பிடிப்பான்னு நெனைக்காதீங்க. டம்பெல் தூக்கிட்டு நடக்கற ஃபார்மர்ஸ் வாக் கொஞ்சம் தேவல, அது முன்னும் பின்னும் ஆடும். நம்ம பாட்டிங்க கயித்துல தண்ணி சேந்துனாங்களே, அது இதைவிட நல்ல பயிற்சி, ஈரக் கயிறு கைல வழுக்கிக்கிட்டே இருக்கும், விட்டா குடம் கிணத்துக்குள்ள.

இப்ப நம்ம ஆளு. ஹோல்டு. ரேக்ல (பார் வைக்கற இரும்புச் சட்டம்) இருக்கற பின்ன, அதாவது பார தாங்கற குறுக்குக் கம்பிய, முழங்காலுக்கு ஒரு சாண் மேல வச்சு பார அதுல வைங்க, ரெண்டு இஞ்ச் தூக்குனா போதும், முதுகுக்கு வேலையே இல்ல. டபுள் ஓவர்ஹேண்ட், சாக், கட்டை விரல் வெளிய சுத்தி. பிடிச்சுட்டு நில்லுங்க. நான் வாரத்துல ரெண்டு நாள், டெட்லிஃப்ட் முடிஞ்சதும் மூணு செட், ஒவ்வொண்ணும் 15 செகண்டு. மூணு செட்டும் 20 செகண்டு நின்னா அடுத்த வாரம் 2.5 கிலோ. அவ்வளவுதான் திட்டம். ரேக் இல்லாத ஜிம்னா கடைசி டெட்லிஃப்ட் ரெப்ப மேலயே பிடிச்சு எண்ணுங்க, அதுவும் ஆகும், முதுகு களைச்சிருக்கும் அவ்வளவுதான். 15வது செகண்டுல என்ன நடக்குதுன்னு ஒரு தடவை குனிஞ்சு பாருங்க: பார் ஒரு நூல் அளவு உருளும், விரல் இழுத்து திரும்ப உள்ள கொண்டு வரும், திரும்ப உருளும். முன்னங்கைல தோலுக்கு அடியில கயிறு கயிறா ஓடும். அந்த சண்டைதான் பயிற்சி, வேற எதுலயும் இந்த சண்டை கிடைக்கல எனக்கு.

எங்க பிடிக்கறீங்கன்னும் பாத்துக்கோங்க. உள்ளங்கை நடுவுல வச்சு பிடிச்சா தூக்கும்போது எப்படியும் பார் விரல் அடிக்கு இறங்கும், இறங்கும்போது தோல மடிச்சுட்டு இறங்கும், அதுதான் காப்பு காய்ச்சு ஒரு நாள் பிஞ்சு வர்றது. மொதல்லயே விரல் அடி மடிப்புல வச்சு பிடிங்க. காப்ப வாரம் ஒரு தடவை குளிச்சுட்டு வந்து கால் தேய்க்கற கல்லால தேச்சு விட்டா போதும்.

இன்னொரு விஷயம், பார். அதையும் உருளல் கணக்குலதான் சேக்கணும். பவர்லிஃப்டிங் போட்டி பார் 28ல இருந்து 29 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். எங்க ஜிம் பார லேத்துல வேலை பாக்கற ஃப்ரெண்டோட வெர்னியர்ல அளந்தேன், 31. ரெண்டு மில்லிமீட்டர்தானேன்னு தோணும், விரல் நுனி வந்து உள்ளங்கைய தொடாத கைக்கு அது பெரிய தூரம். அதவிட மோசம் ஸ்லீவ், பிளேட் மாட்டற அந்த முனை தனியா சுத்தணும், எங்களுது துரு பிடிச்சு இறுகிப் போய் கிடந்துச்சு. பிளேட் லேசா ஆடுனா அந்த ஆட்டம் மொத்தமும் கம்பி வழியா நம்ம விரலுக்கு வருது. டெய்லர் அண்ணன் கிட்ட போய் தையல் மெஷின் எண்ணெய் கொஞ்சம் கேட்டேன், ஒரு மாதிரி பாத்துட்டு குடுத்தாரு. ரெண்டு முனைலயும் நாலு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வச்சு, மறுநாள் சுத்தி விட்டா சுத்துது. நர்லிங்ல, அதாவது கம்பில கை பிடிக்கற சொரசொரப்புல, பழைய சாக்கும் செத்த தோலும் அப்பிக் கிடந்தத கம்பி பிரஷ்ல தேச்சு எடுத்தேன். ஸ்லீவுக்கு எண்ணெய், கம்பிக்கு எண்ணெய் இல்ல, இத சொல்லித்தான் ஆகணும், ஏன்னா கூட இருந்தவன் பாசமா கம்பி பூரா தடவப் போயிட்டான். அன்னிக்கே எனக்கு ஹோல்டு 5 கிலோ கூடிச்சு. எவ்வளவு எண்ணெயால, எவ்வளவு என்னாலன்னு பிரிச்சு சொல்ல முடியாது.

ஹோல்டுக்கும் குறை இருக்கு. மெதுவா ஏறும், மொத ஆறு வாரம் எனக்கு எதுவுமே தெரியல. அடுத்த நாள் ரோயிங்கோ புல்லப்போ வச்சிருந்தா கை வராது, அதனால அந்த நாளைத் தள்ளி வச்சேன். அடுத்த வாரம் போட்டி இருக்கறவன் இத நம்பாதீங்க, மிக்ஸ்டுல தூக்கிட்டு வாங்க, அப்புறம் பேசிக்கலாம். அரிசி வாளில கை விட்டு பிசையறது, காய்கறிக் கட்டு ரப்பர் பேண்ட விரல்ல மாட்டி விரிக்கறது இதெல்லாம் முழங்கை வலிக்கு இதமா இருந்துச்சு, பலத்துக்குன்னு சொல்ல மாட்டேன். அரிசில கை விட்டதுக்கு அம்மா திட்டுனதுதான் மிச்சம், அதுவும் பொன்னி.

120ல நின்ன டபுள் ஓவர்ஹேண்ட் இப்ப அஞ்சு மாசத்துல 147.5. 150ல இன்னும் அதே வலது மோதிர விரல்தான் மொதல்ல கழண்டுக்குது. டெய்லர் அண்ணன் மட்டும் இப்ப மேல வர்றதில்ல, ரப்பர் மேட் போட்டுட்டோம்.