சூரிய ஹீற்றர்: யாழ்ப்பாணக் கிணற்றுக்கு ஒத்துவருமா?

இந்த வெயில் ஊரில் சுடுதண்ணிக்கு ஒரு மெசினா என்று சிரிப்பவர்கள் மார்கழி விடியலில் எங்கள் அம்மம்மாவின் முழங்காலிடம் கேட்கட்டும். இவ்வளவு காலமும் பாளையும் ஊமலும் எரித்துத்தான் அவருக்குத் தண்ணீர் சுடவைத்தோம். தங்கச்சி பிள்ளைப்பேற்றுக்கு வந்ததும் அடுப்பு ஓயவே இல்லை. சரி, ஒரு ஹீற்றர் வாங்குவோம் என்று முடிவெடுத்தோம்.

முதலில் கணக்கு. கிணற்றுத் தண்ணீர் 28 பாகை என்று வையுங்கள். 20 லீற்றர் வாளி ஒன்றை 42 பாகைக்குக் கொண்டுவர ஒரு யூனிட் கரண்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒருவருக்கு எப்போதாவது ஒரு வாளி வேண்டுமென்றால் கரண்ட் கேத்தில் தாராளம், மேலே படிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் காலையும் மாலையும் ஆள் மாறி ஆள் குளிப்பு. பில் 120 யூனிட்டைத் தாண்டினால் நிலையான கட்டணமும் ஏறிவிடும். குளியலறையில் பூட்டும் உடனடி ஹீற்றர் 3500 வாட் என்றால் 15 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக் தாங்காது, தனி வயர் இழுக்க வேண்டும்.

அதனால் கண்ணாடிக் குழாய் வைத்த சூரிய ஹீற்றர் எடுத்தோம். 15 குழாய், 150 லீற்றர். மோட்டார் கிடையாது. குழாயில் சூடான தண்ணீர் தானாக மேலே உள்ள ஹீற்றரின் தாங்கிக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். விலை கொஞ்சம் கடிதான், லொறிக் கூலி வேறு. ஆனால் பின்னேரம் சூடான தண்ணீர் மறுநாள் விடியவும் கை பொறுக்காத சூட்டில் நிற்கிறது. அதில் குறையே சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் வெயிலைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் நிலத்தடி முழுக்கச் சுண்ணக்கல். கேத்தில் அடியில் படியும் அதே வெள்ளைதான் இதற்குள்ளும் படியும், சூடு ஏற ஏற இன்னும் வேகமாக. மெல்லிய செப்புக் குழாய் ஓடும் தட்டை வகையை நான் தவிர்த்தது இதற்காகத்தான். கண்ணாடிக் குழாய் அகலமானது, அடைபடக் காலம் எடுக்கும், கழற்றிக் கழுவவும் முடியும். சித்திரையில் சூரியன் உச்சிக்கு வரும்போது தண்ணீர் கொதிக்கப் பார்க்கும். அப்போது பாதிக் குழாய்களை உரச்சாக்கால் மூடிவிடுகிறேன். பார்க்க அசிங்கம், பலன் உண்டு. தாங்கிக்குள் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். அதை வருடம் ஒருமுறை பாருங்கள். கடலோரத்து உவர்க் கிணறுகளுக்கு இந்த ஹீற்றரைச் சொல்ல மாட்டேன். உப்பு எவர்சில்வர் தாங்கியையும் அரிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெதுவெதுப்பு மட்டும்தான். வெயில் இல்லாத நாளில் தண்ணீரைச் சூடாக்கத் தாங்கிக்குள் பூட்டும் கரண்ட் கம்பியும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். வீட்டுத் தண்ணீர்த் தாங்கி ஹீற்றரைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறாது. குழாய்கள் தெற்கு பார்க்க வேண்டும். பக்கத்து வளவுத் தென்னை எட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒரு தேங்காய் விழுந்தால் குழாய் போய்விடும், உதிரிக்கு இரண்டு வாங்கி வைப்பது நல்லது. அப்புறம், தாங்கி வற்றிக் குழாய் வெறுமையாக இருந்தால் உச்சி வெயிலில் தண்ணீர் விட வேண்டாம், கண்ணாடி வெடிக்கும். பொழுது சாயட்டும், அல்லது விடியற்காலையில் நிரப்புங்கள்.