பல்லாவரம் சந்தையில் பழைய ஷேவிங் செட் வாங்கப் போகிறவர்களுக்கு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புறா, கருவாடு, பூச்செடி, ஓடாத டேப்ரிக்கார்டர் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். நான் சொல்லப்போவது தரையில் தார்ப்பாய் விரித்துப் பழைய பூட்டு, நாணயம், கைக்கடிகாரம் விற்பவர்களைப் பற்றி. அதிலும் அவர்களிடம் கிடைக்கும் பழைய ரேசர்களைப் பற்றி மட்டும்.

பொருள் நல்ல பொருள். விலை, பேசினால் படியும். ஆனால் கடைக்காரர் சொல்லும் வயதை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே எல்லாமே வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்தான்.

நான் பெரம்பூர்ப் பக்கம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன். பேச்சைவிடத் திருகு மரையும் முலாமும் உண்மை சொல்லும் என்பது தொழிலில் பழகிய புத்தி. இந்தச் சந்தையில் எனக்குப் பிடித்ததும் அதுதான். எடுத்து, திருகி, கழற்றி, வெயிலில் பிடித்துப் பார்க்க விடுவார்கள். அவசரப்படுத்த மாட்டார்கள். ஆன்லைனில் மங்கலான படத்தைப் பார்த்து வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

அடிக்கடி கண்ணில் படுவது ரோல்ஸ் ரேசர். சோப்புப் பெட்டி மாதிரி ஒரு தட்டை உலோகப் பெட்டி. ஒரு மூடிக்குள் சாணைக்கல், மறு மூடிக்குள் தோல்வார். பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் பிளேடு தானே புரண்டு புரண்டு தீட்டிக்கொள்ளும். "ஐயா, இது ரோல்ஸ் ராய்ஸ்காரன் பண்ணது, கார் வாங்க முடியாட்டியும் இத வாங்கலாம்ல" என்றார் ஒரு தம்பி. ரசித்தேன், ஆனால் சம்பந்தமே இல்லை. அது தனி இங்கிலாந்து கம்பெனி. பின்னாளில் ஜான் ப்ளூம் என்பவர் கைக்குப் போய், அந்தப் பெயரில் வாஷிங் மெஷின் விற்று, 1964இல் திவாலானது. மலிந்த சாமான்தான். சாணைக்கல்லில் விரிசல் இருக்கிறதா, தோல் காய்ந்து உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் ஐந்நூறு ரூபாய் தரலாம். அதற்கு மேல் நான் தரமாட்டேன்.

அடுத்தது கில்லெட். அமெரிக்கத் தயாரிப்பு அபூர்வமாகத்தான் வரும். வந்தால், "பாருங்க சார், அவனே போட்டிருக்கான், 1904" என்று ரேசரின் தலையில், அதாவது பிளேடைப் பிடிக்கும் மேல்பகுதியில், பொறித்த தேதியைக் காட்டுவார்கள். கிங் கேம்ப் கில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்த நாள் 1904 நவம்பர் 15. அந்தத் தேதியைப் பல வருடங்கள் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். காப்புரிமைத் தேதி தரும் சேதி ஒன்றே ஒன்றுதான்: அதற்கு முன்னால் இது செய்யப்படவில்லை. எவ்வளவு பின்னால் என்று அது சொல்லாது. 1921இல் காப்புரிமை முடிகிற சமயத்தில் கம்பெனி புது மாடல் ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய வடிவத்தையும் நிறுத்தாமல் மலிவு விலையில் விற்றது. அதனால் பழைய வடிவம் என்பதும் தனிச் சாட்சி ஆகாது. வரிசை எண் பொறித்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு ஆண்டு சொல்லும் பட்டியல்கள் சேகரிப்பாளர்களிடம் உண்டு.

தலையைக் கழற்றி மேல்மூடியின் அடியைப் பாருங்கள். நடுவில் திருகு, இரு பக்கமும் ஒவ்வொரு முளை என்றால் அது மூன்று துளை பிளேடுக்கான அமைப்பு. 1930இல் கில்லெட் நடுவில் நீளத் துளையும் மூலைகளில் வெட்டும் உள்ள பிளேடுக்கு மாறியது. அந்தப் பிளேடுக்கென்றே செய்த தலை 1930க்கு முந்தியதாக இருக்க முடியாது. தலையின் ஓரத்தில் சீப்பு மாதிரிப் பல் இருந்தாலே பழசு என்பார்கள். அது பொய்க் கணக்கு, இன்றைக்கும் சீப்புப் பல்லோடு செய்கிறார்கள்.

அமெரிக்க கில்லெட்டில் சுலபமான வழி ஒன்று உண்டு. 1951 முதல் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் தலையின் அடியில் பொறித்தார்கள். எழுத்து ஆண்டுக்கு, எண் அந்த ஆண்டின் காலாண்டுக்கு. 1955க்கு ஏ, 1956க்கு பி. இப்படியே போனால் ஜி-2 என்பது 1961இன் இரண்டாம் காலாண்டு. இங்கிலாந்துச் சாமானுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். நம் ஊரில் கிடைப்பதில் பெரும்பங்கு இங்கிலாந்துதான். அதற்குப் பெட்டியும் உள்ளே மடித்த தாளும் உதவும். தாளில் லண்டன் கிரேட் வெஸ்ட் ரோடு முகவரி இருந்தால், அந்தத் தொழிற்சாலை திறந்ததே 1937இல்தான்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. உள்ளூர்க் கடை ஒட்டிய சீட்டு, பிளேடு பாக்கெட்டில் அச்சிட்ட விலை, இவற்றை யாரும் மதிப்பதில்லை, கடைக்காரரே கிழித்துப் போட்டுவிடுவார். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் நயா பைசா வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா என்றால் 1957க்கும் 1964க்கும் நடுவில். 1964 ஜூனில் "நயா" போய்விட்டது. சீட்டில் "மவுண்ட் ரோடு, மெட்ராஸ்-2" என்று ஒற்றை எண் இருந்தால், 1972 ஆகஸ்டில் ஆறு இலக்கப் பின்கோடு வருவதற்கு முந்தைய சீட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். "சென்னை" என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996க்குப் பின். இது பெட்டியின் வயதுதான், உள்ளே இருப்பதன் வயது என்று சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும் ரேசர் வேண்டாம் என்று வைத்துவிட்டு வெறும் பாக்கெட்டை மட்டும் இருபது ரூபாய்க்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஏமாற்று என்றால் முக்கியமாக ஒன்று: தலை ஒரு செட், கைப்பிடி வேறு செட். ஒருவர் அப்படி ஒன்றைப் பளபளவென்று தேய்த்து, "முழு செட் சார், ஒரே குடும்பத்து வீட்டிலேர்ந்து வந்தது" என்று இரண்டாயிரம் கேட்டார். தலையில் நிக்கல், லேசான மஞ்சள் சாயல். கைப்பிடியில் குரோமியம், நீல வெளுப்பு. மரையும் ஒட்டவில்லை, இரண்டு சுற்றிலேயே ஆடியது. சுட்டிக்காட்டினதும் விலை நானூறுக்கு இறங்கியது. அந்த இறக்கமே எனக்குப் பிடிக்கவில்லை, வாங்கவில்லை.

சின்னக் காந்தம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பித்தளையில் ஒட்டாது. கைப்பிடி கப்பென்று இழுத்தால் உள்ளே இரும்பு. அதற்காக உடனே ஒதுக்காதீர்கள். போர்க்காலத்தில் பித்தளைத் தட்டுப்பாட்டால் அப்படியும் செய்தார்கள். முலாம் போன இடத்தில் சிவந்த மஞ்சள் தெரிந்தால் பித்தளை, நல்லது. பச்சைக் களிம்பு பயப்பட வேண்டிய விஷயமே இல்லை. மூடியின் மூலை வளைந்திருப்பதும் தலையில் மயிரிழை விரிசலும்தான் ஆகாதவை. அவற்றை வீட்டில் சரிசெய்ய முடியாது.

வாங்கி வந்ததும் குத்துவிளக்கு தேய்க்கிற ஞாபகத்தில் புளியைப் போட்டுவிடாதீர்கள். தங்க முலாம் மிக மெல்லியது, போனால் போனதுதான். வெதுவெதுப்பான நீர், சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும்.

காலையிலேயே போங்கள். வெயில் ஏறினால் கூட்டமும் ஏறும், உட்கார்ந்து ரேசர் தலையைத் திருப்பிப் பார்க்க இடம் கிடைக்காது. பூதக்கண்ணாடி அவசியம், எழுத்துகள் எறும்பு சைஸில்தான் இருக்கும். பிரிக்காத புது பிளேடு ஒன்றும் எடுத்துப் போங்கள், மூன்று துளைத் தலையிலும் இன்றைய பிளேடு உட்காரும். உட்காராவிட்டால் முளை வளைந்திருக்கிறது என்று அர்த்தம், விலையில் பாதியைக் குறைத்துக் கேளுங்கள்.