மானெத்தோவா, தூரின் பாப்பிரஸா?

எகிப்திய அரசர்களின் ஆட்சிக்காலத்தைக் கணக்கிட இந்த இரண்டு பட்டியல்களும் உதவுகின்றன. கி.மு. 3ஆம் நூற்றாண்டு எகிப்தியப் பூசாரி மானெத்தோ கிரேக்க மொழியில் எழுதினார். அரசர்களை வம்சங்களாக எண்ணும் இன்றைய வழக்கம் அவரிடமிருந்து வந்ததுதான். ஆனால் மூலநூல் தொலைந்துவிட்டது. ஜோசிஃபஸ், ஆஃப்ரிக்கானஸ் முதலிய பிற்கால எழுத்தாளர்கள் எடுத்தெழுதியதே மிச்சம், அவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

தூரின் பாப்பிரஸ் (இத்தாலியின் தூரின் நகரில் இருக்கும் எகிப்திய நாணல்தாள் சுவடி) மானெத்தோவைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. வரிக்கணக்கு எழுதிய தாளின் பின்புறத்தில் அரசர் வரிசையை எழுதியிருக்கிறார்கள் (சிக்கனக்காரர்கள்!). பல இடங்களில் ஆண்டு, மாதம், நாள் வரை கணக்கு இருக்கிறது. என்ன செய்வது, தாள் துண்டு துண்டாகிக் கிடக்கிறது.

எகிப்தை ஆண்ட அயல்நாட்டவரான ஹிக்சோஸ் அரசர்கள் ஆறு பேருக்கு ஜோசிஃபஸ் வழி வரும் மானெத்தோ கணக்கு ஏறக்குறைய 260 ஆண்டு. பாப்பிரஸிலோ நூற்றுச் சொச்சம்தான். இங்கே நான் கிழிந்த தாளின் பக்கம்.