உயர் ராக் குடோனில் ஸ்பிரிங்ளர்: கூரையிலா, ராக்குக்குள்ளா?

பத்து மீட்டர் உயர ராக்கின் (சரக்கு அடுக்கும் எஃகுச் சட்டத்தின்) அடித்தட்டில் பிடிக்கும் தீ, பேலட்டுகளுக்கு (சரக்கைத் தாங்கும் தட்டைப் பலகைகளுக்கு) இடையே விட்ட சந்து வழியாக நேரே மேலேறும். சந்து புகைபோக்கியாகிவிடும், சில நிமிடங்களில் உச்சித் தட்டும் எரியும். சூடு பட்டால் தானே திறந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் மூலம் அந்தச் சந்துக்குள் தண்ணீரைக் கொண்டுசேர்க்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, கூரையில் மட்டும் பொருத்தும் இஎஸ்எஃப்ஆர் (எர்லி சப்ரஷன் ஃபாஸ்ட் ரெஸ்பான்ஸ்) ஸ்பிரிங்ளர். 1980களில் அமெரிக்காவின் ஃபேக்டரி மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வுகளிலிருந்து வந்தது. சீக்கிரம் திறந்து, சுடரின் மேலெழும் வேகத்தை ஊடுருவும் பெரிய துளிகளைக் கொட்டும். தீ வளரும் முன்பே அமுக்குவதுதான் நோக்கம். கே-14 வகையை (கே என்பது தண்ணீர் வெளியேறும் அளவைக் குறிக்கும் எண்) 9 மீட்டர் கூரைக்கு எடுத்தால், ஒரு தலைக்கு, அதாவது ஒரு ஸ்பிரிங்ளர் முனைக்கு, நிமிடத்துக்குச் சுமார் 375 லிட்டர். 12 தலைகள் திறக்கும் என்று வைத்துக் கணக்கிடுவார்கள்: நிமிடத்துக்கு 4,500 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 2.7 லட்சம் லிட்டர் தொட்டி வேண்டும். தீயணைப்பு வீரர்களின் ஹோஸுக்கான தண்ணீர் தனி. ராக்கில் குழாயே இல்லாததால் விருப்பம்போல் மாற்றி அடுக்கலாம். உரிமையாளர்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஆனால் நிபந்தனைகள் கறாரானவை. சரக்கின் உச்சிக்கும் ஸ்பிரிங்ளருக்கும் இடையே சுமார் 90 செ.மீ. இருக்க வேண்டும். பேலட்டுகளுக்கு இடையே 15 செ.மீ. சந்து அடைபடக் கூடாது. தட்டுகளில் பலகை போட்டு மூடக் கூடாது, மேல்திறந்த டப்பாக்கள் ஆகாது. தீபாவளிச் சரக்கு வந்து குவியும் வாரத்தில் இவற்றில் எது மிஞ்சும்? சந்தில் நான்கு அட்டைப்பெட்டிகளைச் செருகினாலே கணக்கு பிசகும். எந்த அலாரமும் அதைச் சொல்லாது.

இரண்டாவது, ராக்குக்குள்ளேயே தட்டு தட்டாக ஸ்பிரிங்ளர். தீ பிடித்த இடத்தருகிலேயே தண்ணீர் விழும். பலகைத் தட்டானாலும், கூரை ஸ்பிரிங்ளரின் எல்லையைத் தாண்டிய உயரமானாலும் இதுதான் கைகொடுக்கும். ஃபோர்க்லிஃப்ட் இடித்துக் குழாய் உடையும், ராக்கை நகர்த்த முடியாது என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் தலைகளைச் சந்துக்குள் உள்ளடக்கிப் பொருத்தி, காப்புத் தகடு வைத்தால் இடி குறையும். உடைந்தாலும் தண்ணீர் கொட்டும்போதே தெரிந்துவிடும். இதன் குறை அன்றாடம் கண்ணில் படும். கூரை ஏற்பாட்டின் குறையோ தீ பிடித்த அன்றுதான் வெளிவரும். நான் ராக்குக்குள் பொருத்துவதன் பக்கம் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆக்சிஜனைக் குறைத்து வைக்கும் மூன்றாவது முறை, ஆள் நடமாட்டம் குறைந்த தானியங்கிக் குளிர்பதனக் கிடங்குகளுக்குத்தான் பொருந்தும். கதவு ஓயாமல் திறந்து மூடும் நம் குடோன்களுக்கு ஆகாது.

தீயணைப்பு வீரர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டும். பாதுகாப்புப் பூச்சில்லாத ராக் எஃகு 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஏறக்குறைய பாதி வலுவை இழந்து சரியும். உள்ளே புகை மண்டினால் வழியும் தெரியாது. 2007 நவம்பரில் இங்கிலாந்தின் ஆதர்ஸ்டன்-ஆன்-ஸ்டூரில் ஸ்பிரிங்ளர் இல்லாத காய்கறிக் கிடங்கில் நான்கு வீரர்கள் உயிரிழந்தார்கள். 2017 பிப்ரவரியில் ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் அஸ்குல் கிடங்கு 12 நாள் எரிந்தது. மேல்தளங்களில் திறப்புகள் குறைவு, வெளியிலிருந்து அடித்த தண்ணீர் உள்ளே எட்டவில்லை.

கூரை ஏற்பாட்டைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள் என்றால், வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்: அட்டைப்பெட்டிச் சரக்கு போய் ஃபோம் மெத்தை வந்தால், முதல் லாரி இறக்கும் முன் ஸ்பிரிங்ளர் கணக்கை மறுபடி போட வேண்டும்.