வீட்டிலிருந்தே ஓட்டு: சேவை அருமை, வார்டுத் தேர்தலுக்குத்தான் கிடையாது

2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்களிடமும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களிடமும் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கினார்களே, அந்தச் சேவைக்குத்தான் இந்த ரிவ்யூ. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆயாவுக்கு அப்போது வயது 88. ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

நம் பக்க வேலை, வீட்டிலிருந்தே தபால் ஓட்டாகப் போட விண்ணப்பிக்கும் 12டி படிவம் ஒன்றுதான். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், விட்டால் அவ்வளவுதான். கொடுத்த பிறகு மனசு மாறி பூத்துக்கே போகிறேன் என்றாலும் முடியாது, பட்டியலில் பெயருக்கு எதிரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள், அதனால் வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுக் கொடுங்கள்.

ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முன்பே அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் என்று ஒரு கூட்டமே வந்தது. கூடத்து மேசையில் அட்டை மறைப்பை வைத்துவிட்டு எங்களைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சீட்டை மேலிருந்து கீழ்வரை படித்து, டிக் அடிக்க ஏகப்பட்ட நேரம் எடுத்துக்கொண்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை, கேமராவும் மறைப்புக்குப் பின்னால் போகவில்லை. சீட்டைச் சின்னக் கவரில் போட்டு, அதையும் உறுதிமொழிப் படிவத்தையும் பெரிய கவரில் வைத்து ஒட்டி வாங்கிக்கொண்டார்கள். காலையா மாலையா என்று முன்னாடியே சொல்லியிருக்கலாம், பாவம், ஆயா விடிந்ததிலிருந்து பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தது.

நமக்கு ஒரு பைசா செலவில்லை. மக்களவைத் தேர்தல் செலவு மத்திய அரசுடையது, சட்டமன்றம் என்றால் மாநில அரசு, இரண்டும் சேர்ந்து வந்தால் பாதிப் பாதி.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது வேறு காரணத்துக்கு. இந்த வசதி 1961-ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் வருகிறது, அந்த விதிகள் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்குத்தான். கடலூர் மாநகராட்சி ஆன பிறகு 2022 பிப்ரவரியில் நடந்த முதல் வார்டுத் தேர்தலுக்கு இதே ஆயாவை பிளாஸ்டிக் நாற்காலியோடு படியேற்றித் தூக்கிப்போனோம். குடிதண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் அந்த ஓட்டில்தானே இருக்கிறது? வண்டி, ஆள், கேமரா செலவை உள்ளாட்சி தலையில் கட்டினால் பேரூராட்சிகளெல்லாம் கையை விரித்துவிடும், மாநில அரசே தனியாக நிதி ஒதுக்கி உள்ளாட்சித் தேர்தல் விதியையும் மாற்றினால்தான் உண்டு. (பக்கத்துப் புதுச்சேரிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், 2006-க்கு அப்புறம் பல வருஷமாக உள்ளாட்சித் தேர்தலையே பார்க்காதவர்கள் அவர்கள்.)

வீட்டில் 85-ஐத் தாண்டியவர் இருந்தால் அறிவிக்கை தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வரும்போது ஆள் இல்லையென்றால் இன்னொரு தடவை வருவார்கள், அதோடு சரி.