14,500 ரூபாய் போச்சு: ஸ்வீட் பாக்ஸ் பிரிண்டிங் ஆர்டர் கொடுக்கும் முன் படியுங்கள்

கல்யாணம், வளைகாப்பு, பிறந்தநாளுக்கு வீட்டிலிருந்தே ஸ்வீட் செய்து கொடுப்பவர்களும், புதிதாகத் தொடங்கப் போகிறவர்களும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். பெயர் அச்சடித்த அரைக்கிலோ பாக்ஸ் 1,000, ஒன்று பதினாலரை ரூபாய், ஆக 14,500 ரூபாய். பாக்ஸ் எல்லாம் வந்துவிட்டது. ஒன்றைக்கூட வாடிக்கையாளர் கையில் கொடுக்க முடியாது.

மொத்த வியாபாரிகளைப் பட்டியல் போடும் ஒரு இணையதளம் வழியாகப் போன ஆர்டர் இது. சப்ளையர் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்ற முத்திரை. அதைவிட நம்ப வைத்தது சாம்பிள்தான். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டை எத்தனை கிராம் என்ற கணக்கு) அட்டை, உள்ளேயும் வெள்ளை, நெய் ஊறாத பூச்சு, அடிப்பக்க லாக் கச்சிதம். நெய் மைசூர்பாகு ஒரு ராத்திரி முழுக்க இருந்தும் வெளியே ஒரு பொட்டு எண்ணெய் தெரியவில்லை. அச்சடிக்கும் முன் சரிபார்க்க வாட்ஸ்அப்பில் வந்த டிசைன் புரூஃபிலும் பிழை இல்லை. பாதி பணம் அட்வான்ஸ், மீதி சரக்கு ஏற்றும் முன். இந்தத் தொழிலில் இதுதான் வழக்கம்.

வந்து இறங்கியது வேறு சரக்கு! உள்பக்கம் சாம்பல் நிறம். பழைய காகிதக் கூழில் செய்கிற கிரே பேக் டூப்ளெக்ஸ் அட்டை அது. நேரடியாக அதில் இனிப்பு வைத்தால் அட்டை வாசனை ஏறும், நெய்யை உறிஞ்சி வெளியே கறை கட்டும். வெளிப்பக்க லேமினேஷன் பளபளப்புக்குத்தான், உள்ளிருந்து வரும் நெய்யை அது தடுக்காது. அட்டை மெலிசு என்பதால் அரைக்கிலோ எடையில் அடி லாக் பிரிகிறது. பட்டர் பேப்பர் போட்டுச் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. புரூஃபில் 14 இலக்கமாக இருந்த எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு உரிம எண்), அச்சில் 13 இலக்கம். தப்பான உரிம எண்ணோடு உணவுப் பொருளை யார் விற்க முடியும்?

அட்டை மெலிசு என்று சொன்னதற்கு, “லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும் மேடம்” என்றார்கள். மாறுமா இல்லையா என்று எடை போட்டாலே தெரியும். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக வெட்டினால், 300 ஜிஎஸ்எம் அட்டை 3 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசு சின்ன எடையைச் சரியாகக் காட்டாது, அதனால் பத்துத் துண்டை ஒன்றாக வைக்க வேண்டும். 30 கிராம் வர வேண்டிய இடத்தில் 22 கிராம். இது லாட் வித்தியாசமா? போட்டோ அனுப்பிய பிறகு, “பிரிண்ட் ஆன சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்று ஒரு வரி. அதற்குப் பிறகு போனே எடுப்பதில்லை.

இணையதளத்திடம் புகார் கொடுத்தால், “நாங்கள் அறிமுகம் செய்து வைப்பவர்கள் மட்டுமே, சப்ளையரிடம் பேசிக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். எதுவுமே செய்யாமல் ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ். திரும்பக் கேட்டால், “வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை.” இது அப்பட்டமான ஏமாற்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது. 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதையெல்லாம் எழுதிக் கேட்டால் பதில் இல்லை. ஆனால் அதே தளத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து, “வேறு பேக்கிங் சப்ளையர் வேண்டுமா?” என்று போன் மட்டும் வருகிறது. 14,500 ரூபாயை விழுங்கிவிட்டுக் கேட்கிற கேள்வியா இது!

வெறும் பாக்ஸும் ஸ்டிக்கரும் வாங்கி வாடிக்கையாளரின் ஸ்வீட் ஆர்டரை முடித்தாயிற்று. அந்தச் செலவு தனி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். சாம்பிளைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் எடையையும் எழுதி வையுங்கள். அட்டை வகை, ஜிஎஸ்எம், உள்பூச்சு மூன்றும் பில்லில் எழுத்தில் இருக்க வேண்டும். ‘எஸ்டிமேட்’ என்ற தாள் பில் ஆகாது. முதல் ஆர்டருக்கு அச்சடிக்காத வெள்ளை பாக்ஸும் ஸ்டிக்கரும் போதும், எண் தப்பானால் ஸ்டிக்கரோடு நஷ்டம் நின்றுவிடும். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணுங்கள். 5 லட்சம் வரையான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பில்லில் ஒரு பெயர், பணம் வாங்கும் கணக்கில் வேறொரு பெயர் என்றால் அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.