அட்டிக் பூஞ்சை: மூன்று குளிர்காலங்களுக்குப் பிறகு

கனடாவின் டொராண்டோவில், ஸ்காபரோ பகுதியில் உள்ள எங்கள் வீடு 1980களில் கட்டியது. 2022 பிப்ரவரியில் பனி இளகிய ஒரு நாள், மாடிக் குளியலறை சீலிங்கில் மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து, ஏணி வைத்து அட்டிக்கின் (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடம்) மூடியைத் தள்ளிப் பார்த்தேன். வடக்குப் பக்கக் கூரைப் பலகை முழுக்கப் பூஞ்சையின் கரும்புள்ளிகள். பலகையைத் துளைத்து நின்ற ஆணிகளில் படிந்திருந்த உறைபனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

கூரையில் ஓட்டையே இல்லை. தண்ணீர் வந்தது வீட்டுக்குள்ளிருந்து. குளியலறை விசிறியின் குழாய் கழன்று அட்டிக்குக்குள்ளேயே கிடந்தது. ஐந்து பேர் வெந்நீரில் குளித்த ஆவியெல்லாம் மேலே போய், உறைந்து கிடந்த பலகையில் பனியாகப் படிந்திருக்கிறது.

சரிசெய்ய முதலில் வந்தவர் மருந்து தெளித்தால் போதும் என்றார். கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டேன். இரண்டாவதாக வந்தவர்தான் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய், அதைச் சுற்றி இன்சுலேஷன் (வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு போன்ற பொருள்) போட்டார். விளக்கு, ஒயர் ஓட்டைகளை ஃபோம் வைத்து அடைத்தார். கூரை விளிம்புக்கு அடியிலிருந்த காற்றுத் துளைகளை இன்சுலேஷன் மூடியிருந்தது. அதைத் தள்ளி, காற்றுக்கு வழி விடும் தட்டுகளைச் செருகினார். அதற்கப்புறம்தான் பூஞ்சையைச் சுத்தம் செய்தார். எங்கள் பணம் சரியாகச் செலவானது இந்த வரிசையால்தான்.

கறை முழுதாகப் போகவில்லை, போகவும் வேண்டியதில்லை. மீதியிருந்த கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். மரத்தில் பிளீச் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள தண்ணீரையும் மரம் குடித்துவிடும். பூஞ்சை 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: 1990க்கு முந்தைய வீடாக இருந்து, அட்டிக்கில் பொடிக்கல் போன்ற வெர்மிகுலைட் என்ற பழைய வகை இன்சுலேஷன் தெரிந்தால், கையே வைக்காதீர்கள். அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கலாம். முதலில் பரிசோதனை செய்யுங்கள்.

வீட்டுக்குள் எங்கள் பழக்கமும் மாறியது. ஈரப்பதமானி வாங்கி வைத்தபோது குளிர்காலத்திலேயே 55 சதவீதம் காட்டியது. காலையில் ஜன்னல் கண்ணாடி அடியில் தண்ணீர் தேங்கி நின்றதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. இப்போது 35ஐத் தாண்ட விடுவதில்லை. சோறு வடிக்கும்போது அடுப்பு விசிறி ஓடும். குளித்த பிறகு குளியலறை விசிறி அரை மணி நேரம் ஓட டைமர் போட்டிருக்கிறோம். அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்தியதுதான் வீட்டில் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது குளிர்காலத்தில் அட்டிக் மூடிக்கு அருகில் மட்டும் சில ஆணிகளில் பனி. பார்த்தால், மூடியின் ரப்பர் பட்டை பிய்ந்திருந்தது. அதை மாற்றினேன். மூன்றாவது குளிர்காலத்தில், மைனஸ் 18 டிகிரி அடித்த ஒரு காலையில் ஏறிப் பார்த்தேன். ஆணிகள் உலர்ந்திருந்தன, கறை பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. ரப்பர் பட்டையை மட்டும் ஒவ்வொரு அக்டோபரிலும் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.